சீர்திருத்தவாதிகளைச் சிறுவர்க்குக் கற்பித்தல்: கல்லாவியில் எழுந்த ஒரு வினா

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஊத்தங்கரை வட்டத்தைச் சேர்ந்த ஊர் கல்லாவி. மழையை நம்பிய நிலங்களும் மாந்தோப்புகளும் நிறைந்த இப்பகுதியின் இளைஞர்களில் பலர் ஓசூருக்கும் பெங்களூருக்கும் ஆலை வேலைக்குச் சென்று, பண்டிகைக்கும் திருவிழாவுக்கும் ஊர் திரும்புகின்றனர். கோடை விடுமுறை வேதாகமப் பள்ளி ஒன்றிற்கு நாம் இங்குச் சென்றிருந்தபோது, அன்றைய பாடத்தின் தலைப்பு ‘சமுதாயத்தை மாற்றியவர்கள்’ என்பதாக இருந்தது. சுவரில் மூன்று படங்கள் மாட்டப்பட்டிருந்தன: காந்தியடிகள், மார்ட்டின் லூதர் கிங், அன்னை தெரசா. ஆசிரியை நன்றாகவே கதை சொன்னார். பிள்ளைகளும் அமைதியாகக் கேட்டனர். பாடம் முடியும் தறுவாயில் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து, “நம்ம ஊர்ப் பக்கத்தில் இப்படி யாருமே இல்லையா, டீச்சர்?” என்று கேட்டாள்.

ஆசிரியை நம்மைப் பார்த்தார். நாமும் உடனே விடை சொல்லவில்லை. விடை தெரியாமலன்று. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878ஆம் ஆண்டு டிசம்பர் 10ஆம் நாள் பிறந்த சக்கரவர்த்தி இராசகோபாலாச்சாரியார், இம்மாவட்டத்து மண்ணில் தோன்றியவர் என்பதைத் தமிழறிந்த எவரும் அறிவர். ஆனால் இராஜாஜியைப் பற்றிப் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு எதைச் சொல்வது, எதை விடுவது என்பதே நமது தயக்கத்திற்குக் காரணம். அவ்வகுப்பில் எல்லாக் குலத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருந்தனர். இராஜாஜியின் பெயரை நன்றியோடு சொல்லும் வீட்டுப் பிள்ளையும், அப்பெயரைச் சினத்தோடு சொல்லும் வீட்டுப் பிள்ளையும் ஒரே பாயில் இருந்திருக்கலாம். அன்று நாம் விழுங்கிய விடையை இக்கட்டுரையில் சொல்ல முயலுகிறோம். போதகர்களும், நாளை போதகராகவிருக்கும் மாணவர்களும் இவ்வினாவை எங்கேனும் ஒரு வகுப்பில் எதிர்கொள்ளத்தான் போகிறார்கள்.

பெரியோர் வரலாறுகளைச் சிறுவர்க்குச் சொல்லும் நமது வழக்கம் பெரும்பாலும் ஒரே வார்ப்பில் அமைந்தது. அவர் ஏழைக் குடும்பத்திலோ செல்வக் குடும்பத்திலோ பிறந்தார், இளமையிலேயே பிறர் துயர் கண்டு உருகினார், எதிர்ப்பைத் தாங்கினார், வென்றார், நாமும் அவரைப் போல் இருக்க வேண்டும். பாடநூலிலும் ஞாயிறு பள்ளிக் கையேட்டிலும் இதே நடைதான். மிஷனெரிகளின் வரலாற்றையும் இப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். இதில் பொய் இல்லாமல் இருக்கலாம். ஆயினும் பாதி உண்மையே உண்டு. பத்து வயதில் இதைக் கேட்ட பிள்ளை பதினைந்து வயதில் மற்றப் பாதியைக் கைப்பேசியிலோ அரசியல் மேடையிலோ கேட்கிறது. கேட்டதும் அதற்கு இரண்டு முடிவுகளே தோன்றுகின்றன. தான் முன்பு கேட்டது பொய், அல்லது இப்போது கேட்பது பொய். முதல் முடிவுக்கு வரும் பிள்ளை, அக்கதையைச் சொன்ன ஆசிரியரையும் அவரை அனுப்பிய சபையையும் சேர்த்தே ஐயுறுகிறது.

திருமறை இவ்வழியில் செல்லவில்லை என்பதை நாம் நினைவுகூர வேண்டும். தாவீதின் பாவத்தை எழுதியவர், நாத்தான் அவன் முன் நின்று சொன்ன உவமையையும் சேர்த்தே எழுதினார். பேதுரு மறுதலித்ததை நான்கு சுவிசேஷங்களும் சொல்லுகின்றன. அந்தியோகியாவில் நிகழ்ந்ததோ நம் நாட்டுச் சூழலுக்கு இன்னும் நெருக்கமானது. புறவினத்தாரோடு ஒரே பந்தியில் உண்டுவந்த பேதுரு, எருசலேமிலிருந்து சிலர் வந்தவுடன் பந்தியை விட்டு விலகிக்கொள்கிறார். பவுல் அவரை நேருக்கு நேர் எதிர்க்கிறார். திருச்சபை இதை மறைக்கவில்லை. கலாத்தியருக்கு எழுதிய நிருபத்திலேயே படிக்கக் கொடுக்கிறது. இதனால் பேதுருவை அப்போஸ்தலர் அல்லரென யாரும் தள்ளிவிடவில்லை. பெரியவரின் பிழையையும், அப்பிழையைச் சுட்டியவரையும் ஒரே கதையில் வைத்துச் சொல்லும் இம்முறையையே சீர்திருத்தவாதிகளின் வரலாற்றுக்கும் நாம் கைக்கொள்ளலாம் என்பது நமது துணிபு.

இம்முறையில் இராஜாஜியின் கதையைக் கல்லாவியில் எங்கே தொடங்குவது? மதுவிலக்கில் தொடங்கலாம் என்போம். அது இவ்வூரைத் தொட்ட சட்டம். 1937இல் இராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதம மந்திரியானபோது, மதுவிலக்கை முதன்முதலில் நடைமுறைப்படுத்தத் தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தையே. அவ்வாண்டு அக்டோபர் 1ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது. அந்நாளில் கிருஷ்ணகிரியும் ஓசூரும் ஊத்தங்கரையும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. தருமபுரி தனி மாவட்டமானது 1965இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004இல். ஆதலால் நாட்டின் பெரும் பகுதியில் கள்ளுக்கடைகள் திறந்திருந்த காலத்தில் கல்லாவிப் பக்கத்துக் கடைகள் மூடப்பட்டன. தன் ஊரும் வரலாற்றில் இடம்பெற்றது என்று அறியும்போது ஒரு பிள்ளையின் முகம் மலர்வதைக் கண்டால், படம் காட்டிக் கற்பிப்பதை விட இது எவ்வளவு ஆழமாக இறங்குகிறது என்பது விளங்கும்.

ஆனால் சட்டம் திடீரென வானத்திலிருந்து விழவில்லை. 1921இல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியலுக்குத் தலைமையேற்றவர்களில் இருவர் பெண்கள்: ஈ.வெ.ராமசாமியாரின் துணைவியார் நாகம்மையாரும் தங்கை கண்ணம்மையாரும். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் இராஜாஜி காந்தி ஆசிரமத்தை அமைத்தார். தீண்டத்தகாதவர் எனத் தள்ளப்பட்டோரும் அங்கு உடன் வாழ்ந்தனர். அங்கிருந்து 1929இல் ‘விமோசனம்’ என்னும் மாத இதழ் வெளிவந்தது. குடியின் கேட்டை எளிய மக்களுக்கு விளக்குவதற்கென்றே நடத்தப்பட்ட இதழ் அது. இராஜாஜி ஆசிரியர், பின்னாளில் கல்கி என்று புகழ் பெற்ற ரா.கிருஷ்ணமூர்த்தி துணையாசிரியர். பத்து வயதுப் பிள்ளைக்கு இதழ் என்றால் என்ன என்று விளக்கி, அவர்களையே ஒரு பக்கம் எழுதி ஒட்டச் சொல்லலாம். சட்டம் வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே யாரோ சிலர் எழுதினர், நடந்தனர், மறியலில் நின்றனர் என்பது அப்போதுதான் அவர்களுக்குப் புரியும்.

சற்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இங்கே ஒரு கணக்கும் சொல்லலாம். மதுவிலிருந்து அரசுக்கு வந்துகொண்டிருந்த வருவாய் பெரியது. கடையை மூடினால் அப்பணத்தை எங்கிருந்து பெறுவது? 1939இல் சென்னை மாகாணம் பொது விற்பனை வரிச் சட்டத்தை இயற்றியது. இந்தியாவில் இத்தகைய பொது விற்பனை வரிக்கு அதுவே முன்னோடி. ஒரு தீமையை நிறுத்த விரும்பும் சமுதாயம் அதற்கான செலவை வேறு வழியில் ஏற்றுக்கொள்ள வேண்டியுள்ளது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டை நாம் அறியோம். செலவு அரசுக்கு மட்டுமன்று. மரமேறிப் பிழைத்த குடும்பங்கள் ஒரே நாளில் தொழிலை இழந்தன. அவர்களும் இக்கதையில் இடம்பெற வேண்டும். வகுப்பில் அத்தகைய குடும்பத்துப் பிள்ளை ஒன்று அமர்ந்திருக்கக் கூடும்.

மதுவிலக்கின் பின்கதையைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1971இல் தமிழக அரசு அதைத் தளர்த்தியது. தளர்த்த வேண்டாமென்று தொண்ணூறு வயதைக் கடந்த இராஜாஜி அன்றைய முதலமைச்சர் கருணாநிதியை நேரில் வேண்டினார். 1974இல் மதுவிலக்கு மீண்டும் வந்தது. பின்னர் மீண்டும் தளர்ந்தது. 2003 முதல் சில்லறை விற்பனையையும் அரசு நிறுவனமே நடத்துகிறது. இதற்கு மேல் ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை. சாலையோரக் கடை எங்கே இருக்கிறது, மாலையில் யார் அங்கே நிற்கிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். தன் தகப்பனைக் குறித்து வகுப்பில் சொல்ல ஒரு பிள்ளையை எவ்விதத்திலும் தூண்டலாகாது என்பதை மட்டும் இங்கே அழுத்தமாகக் கூறுகிறோம். சீர்திருத்தப் பாடம் ஒரு குழந்தையை நாணச் செய்யும் பாடமாக மாறிவிடக் கூடாது.

இனித் தீண்டாமையின் கதை. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்த காலத்தில், அந்நகராட்சியில் முதன்முறையாகத் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் ஒருவர் உறுப்பினராவதற்கு இராஜாஜி காரணமாயிருந்தார். 1932 செப்டம்பரில் பூனா உடன்படிக்கையில் கையொப்பமிட்டோரில் அவரும் ஒருவர். அன்று அவரும் டாக்டர் அம்பேத்கரும் தங்கள் பேனாக்களை மாற்றிக்கொண்டனர். பிள்ளைகள் இந்தப் பேனாக் கதையை ஒருபோதும் மறப்பதில்லை. ஆனால் கதை இங்கே நின்றால் அது பொய்யாகிவிடும். அவ்வுடன்படிக்கை தம் மக்களுக்கு உரியதைத் தரவில்லை என்று அம்பேத்கர் பின்னர்க் கடுமையாக எழுதினார். பேனாவைக் கொடுத்து வாங்கிய இருவரில் ஒருவர் ஏன் பின்னர் வருந்தினார் என்று பதின்மூன்று வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். ஒப்பந்தத்தால் யாருக்கு எது கிடைத்தது, யார் எதை விட்டுக்கொடுத்தார் என்று அவர்கள் தாமாகவே ஆராயத் தொடங்குவர். சமாதானம் என்பது கைகுலுக்குதல் மட்டுமா என்னும் கேள்விக்கு வாயில் அங்கேதான் திறக்கிறது.

1939 ஜூலை 8ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர் சிலரையும் நாடார் வகுப்பினர் ஒருவரையும் அழைத்துச் சென்றார். ஆலயப் பிரவேசத்திற்குச் சட்டப் பாதுகாப்பை இராஜாஜி அரசு அளித்தது. இதை நாம் வழக்கமாகச் சொல்லும்போது வைத்தியநாத ஐயரின் பெயரும் இராஜாஜியின் பெயரும் வருகின்றன. உள்ளே சென்றவர்களின் பெயர்கள் வருவதில்லை. அவர்களுள் ஒருவர் கக்கன். மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் பிறந்து, பின்னாளில் தமிழக அமைச்சராகி, எளிமைக்குப் பெயர் பெற்றவர். சட்டத்தின் பின்னணியிலும் இதே மறதி காணப்படுகிறது. 1938இல் சட்டமன்றத்தில் ஆலயப் பிரவேச மசோதாவைக் கொண்டுவந்தவர் எம்.சி.ராஜா, அதை அன்று ஏற்க மறுத்தவர் இராஜாஜி. பொது இடங்களில் தீண்டாமைத் தடைகளை நீக்கும் சட்டத்தை அதே ஆண்டில் முன்னின்று நிறைவேற்றியவரும் எம்.சி.ராஜாவே. கதவைத் திறந்துவிட்டவரை நாம் கொண்டாடுகிறோம். வெளியே நின்று நெடுங்காலம் கதவைத் தட்டியவரை விட்டுவிடுகிறோம். தலித் பிள்ளை ஒன்று இக்கதையைக் கேட்கும்போது, தன் முன்னோர் யாரோ ஒருவரால் இரங்கி அழைத்துச் செல்லப்பட்டவர்களாக மட்டும் காட்சியளிப்பது நீதியா? அவர்கள் தாமே கேட்டவர்கள், வாதாடியவர்கள், சட்டம் எழுதியவர்கள் என்றும் அது அறிய வேண்டும். ஆலயத்தில் ஆதிக்க சாதிப் பிள்ளைக்கும் இதே கதை தேவை. இரக்கத்தை மட்டும் கற்ற பிள்ளை மேலிருந்து கீழே பார்க்கவே பழகும்.

இப்போது கடினமான பகுதிக்கு வருகிறோம். 1938இல் இராஜாஜி அரசு பள்ளிகளில் இந்தியைக் கட்டாய பாடமாக்கியது. எதிர்த்தோர் சிறை சென்றனர். நடராசன், தாளமுத்து என்னும் இருவர் சிறைவாசத்தின்போது நோயுற்று 1939இல் உயிர் நீத்தனர். பின்னர் 1953இல் முதலமைச்சராக இருந்தபோது அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமப் பள்ளிகளில் பிள்ளைகள் நாளொன்றுக்கு மூன்று மணி நேரம் மட்டுமே வகுப்பில் இருப்பர். எஞ்சிய நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பர். பள்ளியும் ஆசிரியரும் போதாத நாட்டில், இருக்கும் பள்ளியைக் கொண்டே இருமடங்கு பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரலாம் என்பது அவரது கணக்கு. எதிர்த்தோர் இதைக் குலக்கல்வித் திட்டம் என்றனர். செருப்புத் தைப்பவரின் மகன் செருப்புத் தைப்பதையும், துணி வெளுப்பவரின் மகன் துணி வெளுப்பதையும் அரசே கற்பிக்கப் புறப்பட்டதா என்று கேட்டனர். எதிர்ப்பு பெருகியது. 1954இல் இராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்ட தவறு என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. நாம் அவ்வாறு சொல்லத் தயங்குகிறோம். நோக்கத்தை ஆராய்வதை விட, அத்திட்டம் யார் தலையில் இறங்கியிருக்கும் என்று பார்ப்பதே நேர்மை. நிலமும் படிப்பும் உள்ள வீட்டுப் பிள்ளை எஞ்சிய நேரத்தில் வீட்டிலும் படித்திருக்கும். கூலி வீட்டுப் பிள்ளைக்கு அப்பாதி நாள் கூலிதான். தொரப்பள்ளி மணியக்காரர் வீட்டில் பிறந்து, ஓசூரிலும் பெங்களூரிலும் சென்னையிலும் கற்று வழக்கறிஞரான ஒருவருக்கு இது தென்படாமல் போனது எப்படி என்பதே பிள்ளைகள் முன் வைக்க வேண்டிய வினா. தீண்டாமையை எதிர்த்து ஆசிரமம் அமைத்தவர்தாம் இத்திட்டத்தையும் கொண்டுவந்தவர். ஒருவருக்கு ஒரு திசையில் கண் திறந்திருக்கலாம், இன்னொரு திசையில் மூடியிருக்கலாம். இதைப் பதினான்கு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளாது என்று எண்ணுபவர்கள் பதினான்கு வயதுப் பிள்ளைகளோடு பேசிப் பார்க்கவில்லை என்றே கருதுகிறோம். தன் வீட்டுப் பெரியவர்களிடம் அது நாள்தோறும் இதைக் காண்கிறது.

இத்திட்டத்தை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களுள் பெரியார் ஈ.வெ.ரா. முதன்மையானவர். இங்கேதான் நமது பாடத்தின் மற்றொரு பாதி, சமாதானம் பண்ணுகிறவர்களைப் பற்றிய பாதி, தொடங்குகிறது. இவ்விருவரும் ஒரே காலத்தில் ஒருவர் சேலத்திலும் மற்றவர் ஈரோட்டிலும் நகராட்சித் தலைவர்கள். பெரியாரைக் காங்கிரசுக்குள் கொண்டுவந்ததில் இராஜாஜிக்குப் பெரும் பங்குண்டு. பின்னர் கடவுள், சாதி, மொழி, கல்வி என எதிலும் இருவருக்கும் உடன்பாடில்லை. ஐம்பதாண்டுகள் மேடைதோறும் எதிர்த்துப் பேசினர். ஆயினும் தம் வாழ்வின் சிக்கலான முடிவொன்றை எடுக்குமுன் பெரியார் 1949இல் திருவண்ணாமலையில் சந்தித்துப் பேசியது இராஜாஜியைத்தான். 1972 டிசம்பர் 25ஆம் நாள் இராஜாஜி காலமானபோது, நடக்க இயலாத நிலையிலிருந்த பெரியார் சக்கர நாற்காலியில் இடுகாட்டிற்கு வந்து கண்ணீர் விட்டார். ஓராண்டு நிறைவதற்கு ஒரு நாள் முன்னதாக, 1973 டிசம்பர் 24இல், அவரும் மறைந்தார்.

இந்நட்பைக் கண்டு, கொள்கை வேறுபாடு பெரிதன்று என்னும் முடிவுக்கு வந்துவிடக் கூடாது. பெரியார் குலக்கல்வித் திட்டத்தை எதிர்ப்பதில் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்திருந்தால் அது நட்பாயிருக்குமேயன்றி நீதியாயிராது. எதிர்ப்பவரை வெறுக்காமல் எதிர்ப்பது எப்படி என்பதைக் காட்ட நம் பிள்ளைகளுக்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு கிடைக்காது. கடவுள் மறுப்பாளரை நல்ல முன்மாதிரியாக ஞாயிறு பள்ளியில் சொல்லலாமா என்று சில சபை மூப்பர் கேட்பதுண்டு. நல்ல சமாரியன் யார் வீட்டு விசுவாசத்தைச் சேர்ந்தவன் என்று நாம் அவர்களைத் திருப்பிக் கேட்பதுண்டு.

எல்லைப் பகுதியில் வாழ்வோருக்குச் சமாதானம் என்பது வெறும் சொல்லன்று. 1991 டிசம்பரில் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்காலத் தீர்ப்பை ஒட்டிப் பெங்களூரில் தமிழர்மீது வன்முறை மூண்டபோது, திரளான குடும்பங்கள் ஓசூர் வழியே ஊர் திரும்பின. 2016 செப்டம்பரில் மீண்டும் பேருந்துகளும் லாரிகளும் எரிந்தன. கல்லாவிப் பக்கத்துப் பிள்ளைகளில் பலருக்கு அண்ணனோ சித்தப்பாவோ பெங்களூரில் இருக்கிறார். அங்கே பேசப்படும் கன்னடம் பிழைப்பின் மொழி. இங்கே அக்கம்பக்கத்து வீடுகளில் தெலுங்கும் கேட்கும். இப்பிள்ளைகளுக்குச் சமாதானம் பண்ணுகிறவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமாயின், எண்பத்து மூன்று வயதில் அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்துமாறு வேண்ட அமெரிக்கா சென்ற இராஜாஜியைச் சொல்லலாம். காந்தி அமைதி நிறுவனத்தின் தூதுக்குழுவில் சென்ற அவர் 1962 செப்டம்பரில் குடியரசுத் தலைவர் கென்னடியைச் சந்தித்தார். பதவி ஏதும் இல்லாத முதியவர், உலகின் மிக வலிய படைக்குத் தலைவரான ஒருவரின் அறைக்குள் சென்று பேசினார். மறு ஆண்டு ஆகஸ்டில் வல்லரசுகள் பகுதித் தடை உடன்படிக்கை ஒன்றில் கையொப்பமிட்டன. இவர் பேசியதால்தான் அது வந்தது என்று பிள்ளைகளிடம் சொல்லக் கூடாது. பலர் பேசினர், இவரும் பேசினார். அதற்கு முன்னரே, 1942இல், முஸ்லிம் லீக்கோடு உடன்பாடு காண வேண்டுமென்று வாதாடித் தம் கட்சியினரின் வெறுப்புக்கு ஆளாகிக் காங்கிரசிலிருந்து விலகியதையும் சொல்லலாம். இரு தரப்பாரும் சந்தேகிக்கும் இடத்தில் நிற்க வேண்டியிருப்பது சமாதானம் பண்ணுகிறவரின் நிலை என்பதை எல்லையில் வாழும் பிள்ளை எளிதில் உணரும்.

சாதி கடந்த திருமணத்தைப் பற்றிப் பேசாமல் இவ்வட்டாரத்தில் இப்பாடத்தை முடிக்க இயலாது. இராஜாஜியின் மகள் இலட்சுமியும் காந்தியடிகளின் மகன் தேவதாசும் ஒருவரையொருவர் விரும்பியபோது, இரு தந்தையரும் ஐந்தாண்டுகள் பிரிந்து காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருந்த பின்னும் விருப்பம் மாறாததைக் கண்டு 1933இல் மணம் முடித்து வைத்தனர். பிராமண வீட்டுப் பெண்ணும் பனியா வீட்டு ஆணும். அத்தந்தையரும் தயங்கினர் என்பதே இக்கதையின் பயன். தயங்கியவர்கள் கொல்லவில்லை, காத்திருக்கச் சொன்னார்கள், சொன்ன சொல்லைக் காத்தார்கள். அதற்கு எண்பதாண்டுகளுக்குப் பின், 2012 நவம்பர் 7ஆம் நாள், கல்லாவிக்குத் தொலைவில் இல்லாத தருமபுரி மாவட்டத்து நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் சாதி கடந்த ஒரு காதல் திருமணத்தைக் காரணம் காட்டி மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. அன்று மூன்றாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள் இன்று வாலிபர் ஐக்கியத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது மறைக்கல்வி என்ன சொல்லி வைத்திருந்தது?

பிறர் வரலாற்றை நேர்மையோடு சொல்லத் துணியும் நாம், நம் வீட்டு வரலாற்றை மறைத்தால் பிள்ளைகள் அதையும் கண்டுகொள்வர். 1833இல் பேராயர் தானியேல் வில்சன், திருச்சபைக்குள் சாதி வேற்றுமை கூடாதென்று சுற்றறிக்கை விடுத்தபோது, தமிழகத்துச் சபைகளில் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையை விட்டே விலகினர். சாதி வழக்கங்களைத் துணிந்து ஆதரித்து எழுதியவர்களுள் தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் ஒருவர். அவருடைய கீர்த்தனைகளை நம் பிள்ளைகள் ஞாயிறுதோறும் பாடுகின்றனர். இனியும் பாட வேண்டும். ஆனால் கீர்த்தனை வகுப்பில் அவரது பிறப்பும் புகழும் சொல்லப்படும்போது இதுவும் ஒரு வாக்கியமாவது சொல்லப்பட வேண்டும். இறையியல் கல்லூரியில் சபை வரலாற்று வகுப்பில் படித்துத் தேர்வெழுதும் நாம், ஊருக்குத் திரும்பியதும் இதை ஏன் மறந்துவிடுகிறோம்? சபை பிளவுபடும் என்று அஞ்சுகிறோம். அவ்வச்சம் பொய்யன்று. பல ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது.

கற்பிக்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு செயல் போதும்: பேனாவை மாற்றிக்கொண்டது, கோயிலுக்குள் நடந்தது. அவ்வயதில் பிழைகளைப் பட்டியலிடுவது வீண். ஆயினும் அச்செயலைச் செய்தவர் எக்காலத்தும் எல்லாவற்றிலும் நல்லவர் என்றும் சொல்லிவைக்கக் கூடாது. பின்னர் அழிக்க வேண்டியதை முன்னர் எழுதாதிருப்பதே மேல். ஒன்பது, பத்து வயதில் செலவைச் சொல்லலாம். யார் எதை இழந்தார்? அதற்கு மேற்பட்டோர்க்கு வழக்கையே சொல்ல வேண்டும். 1953ஆம் ஆண்டுத் திட்டத்தை இரு தரப்பாகப் பிரிந்து வாதாடச் செய்யலாம். கூலி வீட்டுப் பிள்ளையை மட்டும் அத்திட்டத்தை எதிர்க்கும் தரப்பில் நிறுத்தாமல், திருப்பி நிறுத்திப் பார்ப்பது நல்ல பயிற்சி. இவை அனைத்திற்கும் முன்பாக, வீட்டில் உள்ள பாட்டனாரிடமும் பாட்டியிடமும் பிள்ளைகளை அனுப்ப வேண்டும். உங்கள் சிறுவயதில் யார் எந்தக் கிணற்றில் நீர் எடுத்தார்கள்? தேநீர்க் கடையில் எத்தனை வகைக் குவளைகள் இருந்தன? முதலில் மாறியது எது, மாற்றியவர் யார்? இவ்வினாக்களுக்கு வரும் விடைகளில் அச்சேறாத பெயர்கள் இருக்கும். ஊரில் முதன்முதலாகச் செருப்பணிந்து தெருவில் நடந்த ஒருவரின் பெயர் எந்தப் பாடநூலிலும் இல்லை.

அச்சிறுமிக்கு அன்று மாலை நாம் விடை சொன்னோம். தொரப்பள்ளியில் இராஜாஜி பிறந்த இல்லம் நினைவில்லமாகப் பேணப்படுகிறது. அடுத்த விடுமுறையில் எல்லோரும் அங்கே போகலாம் என்று ஆசிரியை கூறினார். போகும்முன் ஆளுக்கொரு கேள்வி எழுதிவர வேண்டும் என்பது நிபந்தனை. மறுநாள் தாள்கள் வந்தன. பெரும்பாலானவை பிறந்த ஆண்டு, படித்த பள்ளி பற்றியவை. ஒரு தாளில், அவர் வீட்டில் பள்ளிக்கூடம் முடிந்ததும் அவரை என்ன வேலை செய்யச் சொன்னார்கள் என்று எழுதியிருந்தது. ஆசிரியை அத்தாளை மடித்து, கொண்டுபோவதற்கென்று தம் வேதாகமத்திற்குள் வைத்துக்கொண்டார்.